சரீபா வாசிக்கும் கடிதம்

கல்முனைக்குடி
12.03.1983

அன்பின் மனைவிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நீ குவைத்துக்குப் போய் ஏழு மாதமாகிறது. வீட்டில் சத்தமே இல்லை.

நான் நடத்திய முதியோர் எழுத்தறிவு வகுப்பை மூடிவிட்டார்கள். அரசிடம் பணம் இல்லையாம். காரணம் கேட்கப் போனேன். "மாஸ்டர், கிழவிகள் படிச்சி என்ன செய்யப்போறாங்க?" என்று கல்வி அதிகாரி சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் மன்னிக்கமாட்டேன்.

பக்கத்து வீட்டுச் சரீபா அந்த வகுப்பில்தான் எழுத்துப் பழகினாள். இன்று குவைத்தில் உன் பக்கத்தில் உட்கார்ந்து இதை வாசிப்பவளும் அவள்தான்.

"மச்சான், என்னையும் சேருங்களன்" என்று நீ ஒருநாள் கேட்டாய். "மாஸ்டர்ர பொஞ்சாதி பாயில குந்தி ஆனா ஆவன்னா எழுதினா ஊரே சிரிக்கும்" என்றேன். முதலில் சிரித்தது நான்தான். அதிகாரியைத் திட்டத் தொடங்கும்போதெல்லாம் அது நினைவுக்கு வந்துவிடுகிறது.

உன்னிடம் சொல்ல நிறைய இருக்கிறது. இன்னொருத்தியின் வாயால் சொல்லக்கூடியவை அல்ல.

சரீபா, இனி வருவது உனக்கு. இரண்டாவது தாளில் உயிரெழுத்துகளைப் பெரிதாக எழுதியிருக்கிறேன். அதை அவளுக்கு வாசித்துக் காட்டாதே. கையைப் பிடித்து எழுதப் பழக்கு. அடுத்த கடிதத்தை அவளே பிரிக்கட்டும்.

இப்படிக்கு,
அவளுடைய மச்சான்