மச்சானின் இடது கால்

ஜூலை 1, செவ்வாய்

விடியலிலிருந்தே கச்சான் காற்று. முற்றமெல்லாம் மணல். பெருக்கியும் பயனில்லை.

மச்சானோடு ராம்நாடு ஆஸ்பத்திரி. கட்டு மாற்றும் நாள். பஸ்ஸில் புருஷன் பெண்டாட்டி இருவருக்கும் சேர்ந்தாற்போல் சீட். அதிசயம்.

இடது கணுக்காலுக்கு மேலே அந்தப் புண் ஆறுகிற வழியைக் காணோம். ஒரு வருடம் ஆகப்போகிறது. சிஸ்டர் முகம் சரியில்லை. "நான் கட்டுன கட்டா இது? தொளதொளன்னு கெடக்கு. யாரு பிரிச்சது?"

மச்சான் சுவரைப் பார்த்துக்கொண்டு, "தானா நெகிழ்ந்துருச்சும்மா."

டாக்டர் மறுபடி விளக்கினார். சவூதி ஓட்டல் அடுப்படியில் அத்தனை வருடம் நின்ற கால். நரம்பு தளர்ந்து ரத்தம் மேலே ஏறாமல் கீழேயே தேங்குகிறது. இறுக்கிய கட்டு வாரம் முழுக்க அப்படியே இருந்தால்தான் புண் மூடும். இந்த மாதத்துக்குள் சுருங்காவிட்டால் மதுரைக்குப் போய்த் தொடைத் தோலை எடுத்து ஒட்ட வேண்டுமாம்.

வரும் வழியெல்லாம் மச்சான் தொடையையே தடவிக்கொண்டு வந்தார். பயம். எனக்கும்தான்.

வாங்கியது: தேங்காய் எண்ணெய், நகரை மீன் அரைக் கிலோ. சீப்பு மறந்துவிட்டது.

ஜூலை 3, வியாழன்

விடிகாலை சுபுஹு பாங்குக்கு முன்பே குழாயடியில் சத்தம். போய்ப் பார்த்தால் மச்சான் முக்காலியில் உட்கார்ந்து கட்டைச் சுற்றுச் சுற்றாகப் பிரித்துக்கொண்டிருக்கிறார். திருட்டு முழி.

"என்ன மச்சான் இது?"

"ஒளு எடுக்கணும்ல. கால் கழுவாம எப்படிப் புள்ள தொழுகிறது?"

ஐந்து வேளையும்! தினமும் ஐந்து வேளையும் பிரித்து, காலைக் கழுவி, தானே திரும்பச் சுற்றியிருக்கிறார். கோபம் தலைக்கேறியது. சிஸ்டரிடம் சொல்வதற்கென்ன என்றேன்.

"அவுகளுக்கு ஒளுவப் பத்தி என்ன தெரியும்?"

"அப்ப பள்ளிவாசல் ஹஜ்ரத்துகிட்ட கேக்குறது."

தலையைக் குனிந்துகொண்டார். "எம் புண்ணு நாத்தத்த அந்தச் சின்ன வயசு மனுசன்கிட்ட போயி என்னன்னு சொல்ல?"

கோபமெல்லாம் இறங்கிவிட்டது. பாவம் என் மச்சான். எனக்கு ஒரு நாளும் நாற்றம் தெரிந்ததில்லை என்று பொய் சொன்னேன்.

ஜூலை 4, வெள்ளி

நெய்ச்சோறு. முந்திரி தீர்ந்தது.

மச்சானுக்குத் தெரியாமல் ஹஜ்ரத் வீட்டுக்கு போன். அவர் மனைவி உள்ளே போய்க் கேட்டுவந்து சொன்னாள்: "பிரிச்சா புண்ணுக்குக் கேடுன்னா பிரிக்கவே வேணாமாம் லாத்தா. மத்த எடத்தக் கழுவிட்டு, ஈரக் கையால கட்டு மேல தடவிக்கிட்டாப் போதுமாம். தொழுகை கூடுமாம், குத்தமில்லையாம்."

இவ்வளவுதானா! இதற்கா ஒரு வருடம்!

மச்சானிடம் சொன்னதும் குதித்தார். "ஊருக்கே தண்டோரா போட்டுட்டியா?" சோறு வேண்டாமாம். அப்புறம் இரண்டு தட்டு.

சாயங்காலம் அஸர் தொழுகைக்குப் புறப்படும் முன் கட்டு மேல் கையைத் தடவியதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். குழந்தையைத் தடவுகிற மாதிரி மெதுவாக. பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

ஜூலை 15, செவ்வாய்

புழுக்கம். சிஸ்டருக்குச் சிரிப்பு. "இதுதான் என் கட்டு!" கசிவு குறைவு.

வீட்டில்தான் ரகளை. நடக்கலாம், ரொம்ப நேரம் நிற்கக் கூடாது. உட்கார்ந்தால் கால் தலையணை மேல், நெஞ்சு உயரத்துக்கு. நான் அசந்தால் அடுப்படிக்கு வந்து நின்றுகொண்டு, "மசாலா பத்தாது."

அவர் சொன்னது சரிதான். பத்தவில்லை. விரட்டிவிட்டேன்.

ஜூலை 29, செவ்வாய்

தூறல். ராம்நாடு.

சிஸ்டர் கண்ணாடித் தாளைப் புண் மேல் வைத்துப் பேனாவால் ஓரம் வரைந்தாள். மாத ஆரம்பத்தில் வரைந்த தாளோடு சேர்த்துக் காட்டினாள். பாதிதான் இருக்கிறது! ஓரமெல்லாம் ரோஸ் நிறத்தில் புதுத் தோல். மதுரை தேவையில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். அல்ஹம்துலில்லாஹ். அங்கேயே அழுதுவிட்டேன், வெட்கமில்லாமல்.

மச்சான் மெதுவாக, "ஆறிட்டா இந்தக் கட்டெல்லாம் வேணாம்ல?"

சிஸ்டர், "கட்டு வேணாம்யா. ஆனா இறுக்கமா ஒரு சாக்ஸ் தருவோம். அத ஆயுசுக்கும் போடணும். விட்டா திரும்ப வந்துரும்."

பஸ்ஸில் ஏறிய பிறகு கேட்டேன். "ஆயுசுக்குமாமே மச்சான், தாங்குவீகளா?"

"ஒன்னயே இத்தன வருசம் தாங்கிட்டேன். சாக்ஸு என்ன செஞ்சுறப் போகுது?"

வீட்டுக்கு வந்ததும் காலைத் தூக்கித் தலையணை மேல் வைத்தேன். கொஞ்சம் பலமாகவே.