எலுமிச்சைக்குப் படுக்க இடம்

அன்புள்ள பாப்பாவுக்கு,

நாங்கள் இருவரும் இங்கே சுகம், மீன் தொட்டியில் இருப்பவர்களும் சுகம், நீயும் அங்கே உடம்புக்கு ஒன்றுமில்லாமல் வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கி எழுந்து நன்றாக இருக்கிறாய் என்று நினைத்துக்கொண்டே இதை எழுதுகிறேன். போனில் பேசாமல் எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போன் என்றால் உன் அப்பா ஸ்பீக்கரில் போட்டு மேசை நடுவில் வைத்துவிடுகிறார், அங்கே குளிரா மழையா என்று அவர் விசாரித்து முடிப்பதற்குள் உனக்கு வேலைக்கு நேரமாகிவிடுகிறது. எனக்கோ ஸ்பீக்கர் என்றாலே வாய் கட்டிக்கொள்ளும், வீட்டுச் சுவர்களுக்கெல்லாம் கேட்கப் பேசி எனக்குப் பழக்கமில்லை. விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போன வாரம் நீ தொட்டியை விற்றுவிடச் சொன்னாய், அதே மூச்சில் லீவு கிடைக்கவில்லை, இந்த முறை வர முடியாது என்றும் சொன்னாய். நான் தொட்டியிலிருந்த மணலை எடுத்ததுதான் இரண்டுக்கும் காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. தொட்டி ஒரு பக்கம் இருக்கட்டும், நீ வருவாயா மாட்டாயா என்பதுதான் எனக்குத் தெரிய வேண்டியது.

நான் உன் அப்பாவைக் கட்டிக்கொண்டு இந்த வீட்டுக்கு வந்தபோது நீ காலேஜில் கடைசி வருஷம். உனக்கும் எனக்கும் பத்து வயதுதான் வித்தியாசம், என்னை எப்படிக் கூப்பிடுவது என்று உனக்கும் தெரியவில்லை, உன்னிடம் எதைப் பற்றிப் பேசுவது என்று எனக்கும் தெரியவில்லை, சாப்பாட்டு மேசையில் இரண்டு பேரும் உன் அப்பாவையே பார்த்துப் பேசிக்கொண்டிருந்தோம். பிறகு ஒரு நாள் உன் தொட்டிக்குக் கடல் தண்ணீர் கலக்க நான் உதவி செய்வதாக நினைத்து வாளியில் உப்பைக் கொட்டி அதன்மேல் தண்ணீரைத் திறந்துவிட, நீ ஓடி வந்து, "ஐயோ சித்தி, தண்ணியிலதான் உப்பப் போடணும், உப்பு மேல தண்ணி ஊத்துனா கட்டி கட்டியா நின்னுடும்" என்று கத்தினாய். நீ என்னைச் சித்தி என்று கூப்பிட்டது அன்றைக்குத்தான் முதல் தடவை, கத்திக் கூப்பிட்டது என்றாலும் கூப்பிட்டதுதான். அதற்குப் பிறகு நாம் இரண்டு பேரும் பேசிக்கொண்டதில் முக்கால்வாசி பவளமும் உப்பும் பம்ப்பும்தான். அதனால்தான் நீ அந்த ஊருக்குப் போனதும் தொட்டியை நான் எடுத்துக்கொண்டேன். பகல் முழுக்கக் கண்ணாடிக் கடையில் அடுத்தவர் மூக்குக்கண்ணாடியைத் துடைக்கிறேன், சாயங்காலம் வந்து உன் தொட்டிக் கண்ணாடியைத் துடைக்கிறேன், என் பிழைப்பே துடைப்புதான் என்று உன் அப்பா கேலி செய்வார். செய்யட்டும், அவரை ஒரு தடவை துடைக்கச் சொன்னதற்கு அடுப்பு தேய்க்கும் கம்பி நாரை எடுத்துக்கொண்டு வந்தவர் அவர்.

இந்த வருஷம் தொடக்கத்திலிருந்தே தொட்டி சரியில்லை. உன் சுத்தியல் பவளம் முன்பெல்லாம் புசுபுசுவென்று விரிந்து கிடக்குமே, அது சுருங்கிச் சுருங்கி ஓரத்தில் எலும்பு தெரிய ஆரம்பித்தது. தண்ணீரை மாற்றினேன், நுரை எடுக்கும் கருவியைக் கழற்றிக் கழுவினேன், தீனியைப் பாதியாகக் குறைத்தேன், எதற்கும் அசையவில்லை. பாறையில் பாசி, கண்ணாடியில் பாசி. ஒரு நாள் கீழே உட்கார்ந்து பக்கவாட்டில் பார்த்தபோதுதான் மணலுக்குள் கறுப்புக் கறுப்பாகத் திட்டுகள் கண்ணில் பட்டன. குச்சியால் லேசாகக் கிளறினேன், அழுகிய முட்டை நாற்றம் கூடம் வரைக்கும் வந்தது, உன் அப்பா பக்கத்து வீட்டில் ஏதோ செத்துக் கிடக்கிறது என்று கதவைத் திறந்து பார்த்தார். மேலே வெள்ளை வெளேரென்று இருந்ததால் அடியில் என்ன சேர்கிறது என்று நாம் யாரும் பார்க்கவேயில்லை. நீ மீன் வாங்கும் கடைக்காரரிடமே போய்க் கேட்டேன். அவர் எதற்கும் அலட்டிக்கொள்ளாத ஆள், உனக்குத் தெரியும். "மணல் வச்சா மணலைப் பாத்துக்கணும்மா. உங்க பொண்ணு அதைப் பாத்துக்கிட்டா, நீங்க தொட்டியை மட்டும் பாக்குறீங்க. எடுத்துடுங்க. பாறை இருக்கு, தண்ணியைச் சுத்தம் பண்ற வேலையெல்லாம் அது செய்யும். ஆனா ஒரேயடியா அள்ளிடாதீங்க, உள்ள இருக்கிற விஷமெல்லாம் தண்ணில கலந்து மொத்தமும் போயிடும்" என்றார். வீட்டுக்கு வந்து இது சம்பந்தமாக அகப்பட்டதையெல்லாம் படித்தேன். பாதிப் பேர் மணல் இல்லாமல் கடலே இல்லை என்கிறார்கள், பாதிப் பேர் மணல் என்பது குப்பையை மூடி வைக்கும் கம்பளம் என்கிறார்கள், இரண்டு கட்சியும் ஒன்றையொன்று வைகிற வைதலைப் பார்த்தால் சொத்துச் சண்டை தோற்றுவிடும். இதை உன்னிடம் சொல்லிவிட்டுத்தான் தொடங்க வேண்டும் என்று உன் அப்பாவிடம் சொன்னேன். சொல்லிவிட்டேன் என்றார். அவர் சொன்னது, "தொட்டியைக் கொஞ்சம் சுத்தம் பண்றோம் பாப்பா" என்பதுதான் என்று எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. நானே சொல்லியிருக்க வேண்டும்.

தண்ணீர் மாற்றும்போதெல்லாம் ஒரு கை அகலத்துக்குக் குழாய் வைத்து மணலை உறிஞ்சி எடுத்தேன், மாதக்கணக்காயிற்று. பாறைகள் நேராகக் கண்ணாடியில் உட்கார்ந்தால் கண்ணாடி விரிசல் விட்டுவிடுமோ என்று பயந்து, காய் நறுக்கும் பிளாஸ்டிக் பலகை இரண்டு புதிதாக வாங்கி அறுத்து, பாறைக்குக் கீழே ஒவ்வொன்றாகச் செருகினோம், உன் அப்பா தோள் வரை தண்ணீரில் கையை விட்டுக்கொண்டு, "சீக்கிரம் செருகு, இங்க எதோ என்னைக் கடிக்குது" என்று அலறிக்கொண்டிருந்தார், கடித்தது ஒரு விரல் நீள இறால். மணலில் வாழும் நத்தைகளைப் பொறுக்கிக் கடைக்காரரிடம் சேர்த்துவிட்டேன். எல்லாவற்றையும் நினைத்துப் பார்த்துச் செய்வதாகத்தான் எனக்கு எண்ணம். ஆனால் நான் வேலை முடிந்து வந்து தொட்டியில் கை வைக்கும் நேரத்துக்கு உன் மஞ்சள் மீன் எலுமிச்சை எப்போதோ மணலுக்குள் போய்ப் படுத்திருக்கும். விளக்கு அணைகிறதோ இல்லையோ, அதற்கென்று ஒரு கணக்கு, பொழுது சாய்ந்தால் தலைகீழாகப் பாய்ந்து மணலைப் போர்த்திக்கொள்ளும். நான் அதைப் பார்ப்பதே ஞாயிற்றுக்கிழமைகளில்தான். உன் முதல் சம்பளத்தில் நீ வாங்கிய மீன் மணலில் தூங்குகிற மீன் என்பது எனக்குத் தெரியாத விஷயம் இல்லை, நீயே காட்டியிருக்கிறாய், ஆனால் கண்ணில் படாதது கணக்கிலும் வரவில்லை. மணல் குறையக் குறைய அதுவும் மிச்சமிருந்த பக்கமாக ஒதுங்கிக்கொண்டே வந்திருக்கிறது. கடைசித் திட்டில் குழாயை வைத்தபோது குழாய் வாயிலிருந்து மஞ்சளாக ஒன்று துள்ளி வெளியே வந்தது.

அன்றைக்கு அது பட்ட பாட்டை உன்னிடம் மறைக்க மாட்டேன். வழக்கமாகப் படுக்கும் மூலைக்குப் போய்த் தலையைக் கீழே குத்தி வெறும் கண்ணாடியில் மோதியது, விலகிப் போய் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு மறுபடியும் அதே இடத்தில் மோதியது. தாடை சிராய்ந்துவிட்டது. உன் அப்பா தொட்டிமேல் போர்வையைப் போட்டு, "இருட்டாயிட்டா தூங்கிடும்" என்றார், மீனை என்ன கிளி என்று நினைத்தாரோ. எடுத்த மணல் வாளியில் நாறிக் கிடந்தது, அதைத் திரும்பப் போட முடியாது. காலையில் மீன் கடை திறக்கும் முன்பே போய் வாசலில் நின்றேன். கடைக்காரர் என்னைப் பார்த்துவிட்டு, "மணல் வேணாம்னு எடுத்தது நீங்கதானே? இப்ப மீனுக்கு மெத்தை வாங்க வந்துட்டீங்களா?" என்று சிரித்தார், ஆனால் புது மணலைத் தானே அலசிக் கொடுத்தார். கேக் செய்கிற ஆழமான கண்ணாடிப் பாத்திரம் இருக்கிறதே, அதில் நிரப்பி மூலையில் இறக்கினேன். பாறை இடுக்கில் ஒடுங்கியிருந்த எலுமிச்சை வந்து பாத்திரத்தைச் சுற்றிப் பார்த்தது, போய்விட்டது. மறுநாளும் அப்படியே. அதற்கடுத்த நாள் நான் வேலையிலிருந்து வந்தபோது அதைக் காணவில்லை. இடுக்கிலும் இல்லை, பம்ப்புக்குப் பின்னாலும் இல்லை, குதித்துவிட்டதோ என்று தரையெல்லாம் தேடினோம். உன் அப்பாதான் பாத்திரத்தைக் காட்டினார். பக்கவாட்டுக் கண்ணாடியில் ஒட்டினாற்போல் மணலுக்குள் ஒரு மஞ்சள் கோடு, நடுவில் ஒரு கண். வெளியிலிருந்து அது தூங்குவதை நாங்கள் பார்த்தது அதுதான் முதல் தடவை. தாடைப் புண் இப்போது ஆறிவிட்டது.

இந்தச் சந்தோஷத்தில்தான் உன் அப்பா வீடியோவில் உனக்குத் தொட்டியைக் காட்டினார். நீ பார்த்தது அடி மொட்டையாக ஒரு தொட்டியும் அதற்குள் ஒரு கேக் பாத்திரமும். "என்னப்பா இது, மீன் தொட்டியா, பாத்திரம் கழுவுற தொட்டியா?" என்றாய், நான் சிரித்தேன், நீ சிரிக்கவில்லை என்பது கொஞ்சம் பொறுத்துத்தான் எனக்குப் புரிந்தது. பிறகு, "வித்துடுங்க. இப்ப அதுல என்னோடதுன்னு என்ன இருக்கு" என்றாய். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இருந்தது, ஸ்பீக்கரில் வரவில்லை, இப்போது எழுதுகிறேன். சுத்தியல் பவளம் இருக்கிறது, எலும்பு தெரிந்த இடத்தில் சதை திரும்ப ஏறி, இரண்டு தலை புதிதாக விட்டிருக்கிறது. பறக்க மணல் இல்லாததால் பம்ப்பை முழு வேகத்தில் வைக்க முடிகிறது, உன் பச்சைப் பவளங்களெல்லாம் காற்றடிக்கும் வயல் மாதிரி ஒரே பக்கமாகச் சாய்கின்றன. அழுக்கு விழுந்தால் விழுந்த இடத்திலேயே தெரிகிறது, உடனே எடுத்துவிடுகிறேன். வெறும் கண்ணாடியாக இருந்த அடியில் ஊதா நிறத்தில் படலம் படரத் தொடங்கியிருக்கிறது. மணல் இருந்தபோது அழகு கூடுதல்தான், அதை நான் மறுக்கவில்லை.

நீ சொன்னதை உன் அப்பா அப்படியே எடுத்துக்கொண்டார். யாரையோ விசாரித்துப் போன் போட, தொட்டியை வாங்க ஞாயிற்றுக்கிழமை ஒருவர் தன் மைத்துனரோடு அளவு நாடாவும் கையுமாக வந்துவிட்டார். தொட்டியைப் பார்த்ததும் அவருக்கு ஒரே குஷி. "மணலே இல்லையா, ரொம்ப நல்லதாப் போச்சு, தண்ணியை இறக்கிட்டு அப்படியே தூக்கிடலாம்" என்று மைத்துனரிடம் சொன்னார். நான் அடுப்படியிலேயே நின்றுகொண்டிருந்தேன், உன் தொட்டி, உன் அப்பாவின் முடிவு, நடுவில் நான் என்ன சொல்வது என்று இருந்தது. பாறை, பவளம், விளக்கு எல்லாம் பேசி முடித்த பிறகு அவர் பாத்திரத்தைக் காட்டி, "இது மட்டும் வேணாம் சார். எங்க வீட்டுல பெரிய மீனுங்க இருக்கு, பாத்திரத்தையெல்லாம் கவுத்துடும். இந்த மஞ்ச மீனைக் கடைல குடுத்துடுங்க" என்றார். உன் அப்பா குனிந்து பாத்திரத்தைப் பார்த்தார். "கடைல மணல் போட்டு வச்சிருப்பானா?" என்று கேட்டார். "கடைல யாரு சார் மீனுக்கு மணல் போடறா" என்றார் வந்தவர். உன் அப்பா எழுந்து நின்றுகொண்டு, "தப்பா எடுத்துக்காதீங்க, இது என் பொண்ணோடது, அவளைக் கேக்காம நான் குடுக்க முடியாது" என்றார். "நீங்கதானே சார் போன் பண்ணி வரச் சொன்னீங்க?" என்று அவர் திகைத்துப்போனார். "நான்தான். காப்பி சாப்பிட்டுப் போங்க" என்றார் உன் அப்பா. அவர்கள் போன பிறகு, பாப்பாவைக் கேட்டாயிற்றே, விற்கச் சொல்லிவிட்டாளே என்று நினைவுபடுத்தினேன். "அது கோவத்துல சொன்னது" என்றார். கோபம் என்று எப்படித் தெரியும் என்றதற்கு, "அவ நெசமாச் சொல்றதா இருந்தா காரணத்தை அரை மணி நேரம் விளக்குவா. ஒரே வரில முடிச்சா அது கோவம்" என்றார். இத்தனை வருஷத்தில் அவர் உன்னைப் பற்றி இவ்வளவு சரியாகச் சொல்லி நான் கேட்டதில்லை.

ஆகவே தொட்டி இருக்கிறது, விற்பதாக இல்லை. நீ வருவதற்காக மணலைத் திரும்பப் போட்டுவிடுகிறேன் என்று நான் எழுதப்போவதில்லை. மணலை எடுத்தது சரி என்றுதான் இப்போதும் நினைக்கிறேன், உன்னிடம் நேரடியாகக் கேட்காமல் எடுத்தது சரியில்லை, இரண்டையும் ஒன்றாக்கிப் பேச எனக்கு வராது. நீ நேரில் வந்து, முன்னால் உட்கார்ந்து, ஒரு வாரம் பார். பார்த்த பிறகும் மணல் வேண்டும் என்று தோன்றினால் சொல், என்னோடு சண்டை போடு, உன் பக்கம் நியாயம் இருந்தால் நானும் நீயும் சேர்ந்து மணலை அலசிப் போடுவோம். சண்டை போடுவதற்காகவாவது வா. நீயும் நானும் இதுவரை ஒரு சண்டைகூடப் போட்டதில்லை, விருந்தாளிகளைப் போலவே இருந்துவிட்டோம். லீவு கிடைக்கவில்லை என்பது உண்மையென்றால் அந்த ஒரு வரியை மட்டும் எனக்கு எழுது, நம்புகிறேன், வருத்தப்பட மாட்டேன். உண்மையில்லையென்றால் ஒன்றும் எழுத வேண்டாம், டிக்கெட்டைப் போட்டுவிட்டு அப்பாவிடம் தேதியைச் சொல்.

நல்லபடியாக இரு, நினைத்ததெல்லாம் உனக்குக் கைகூட வேண்டும், உன் அப்பாவின் ஆசீர்வாதமும் சேர்த்தே எழுதுகிறேன். இரவில் வேலை முடிந்ததும் கான்டாக்ட் லென்ஸைக் கழற்றிவிட்டுக் கண்ணாடி போட்டுக்கொள், லென்ஸோடு தூங்கிக் கண் சிவந்து எங்கள் கடைக்கு வருகிறவர்களை நான் தினமும் பார்க்கிறேன். நீ வரும்போது பழைய கண்ணாடியை மறக்காமல் எடுத்து வா, பவர் பார்த்து நானே மாற்றித் தருகிறேன்.

அன்புடன்,
உன் சித்தி