காறல் பருப்புக்கு ஒரு கோப்பை

என் செல்ல மகன் மல்காஸுக்கு, குத்தாயிசியிலிருந்து அம்மா எழுதுவது. ஆண்டவன் புண்ணியத்தில் இங்கே நான், உன் அப்பா, உன் தங்கை மரேகி, கொல்லையில் ஓயாமல் கத்திக்கொண்டிருக்கும் வான்கோழி வரைக்கும் எல்லோரும் சௌக்கியம். நீயும் டப்ளினில் சௌக்கியமாகத்தான் இருப்பாய், ஏனென்றால் எப்போது போன் செய்தாலும் "நல்லா இருக்கேம்மா" என்ற ஒரே பதில்தான் வருகிறது, அதைப் பற்றிக் கடைசியில் உன்னிடம் பேசவேண்டியிருக்கிறது. அப்பாவுக்கு முழங்கால் வலி இப்போது தேவலை, மருந்து தடவச் சொன்னால்தான் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். திராட்சைப் பந்தல் இந்த வருஷம் நன்றாகவே காய்த்திருக்கிறது. இதையெல்லாம் போனிலேயே சொல்லியிருக்கலாம், ஆனால் நான் சொல்லப்போகிற விஷயத்தைப் போனில் சொன்னால் உன் அப்பா பக்கத்தில் வந்து நின்று வரிக்கு வரி திருத்துவார், அதனால்தான் அவர் தூங்குகிற மத்தியான நேரத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

மரேகியின் கல்யாண விருந்தைச் சம்பந்தி ஜெமால் தன்னுடைய உணவகத்திலேயே வைத்துத் தருகிறேன் என்று சொன்னது உனக்குத் தெரியும். சம்ட்ரேதியா போகிற பெரிய சாலையில் இருக்கிறதே அதுதான். மாதா திருநாள் கழிந்த ஞாயிற்றுக்கிழமை, விருந்துக்கு என்னென்ன சமைப்பது என்று பேசி முடிக்க எங்கள் எல்லோரையும் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார். அப்பா, நான், மரேகி, உன் கோச்சா மாமா நாலு பேரும் போனோம். உள்ளே நுழைந்ததும் எனக்குத் திக்கென்றது, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எங்களைத் தவிர ஒரு மேசையில்கூட ஆள் இல்லை. சாப்பாடு வந்தது. அக்ரூட் விழுது தடவிச் சுருட்டிய கத்தரிக்காய், அக்ரூட் போட்ட கீரை உருண்டை, அக்ரூட் குழம்பில் கோழி. நம்மூரில் அக்ரூட் இல்லாமல் விருந்து ஏது. நான் கத்தரிக்காயை ஒரு வாய் வைத்தேன், மல்காஸ், தொண்டை வரைக்கும் காறியது. பழைய எண்ணெயை மோந்து பார்த்த மாதிரி ஒரு சிக்கு வாடை. கீரையும் அப்படியே, கோழியும் அப்படியே. உன் மாமாவைப் பார்த்தேன், மனுஷன் ரொட்டியை மட்டும் பிய்த்துப் பிய்த்துத் தின்றுகொண்டிருந்தான், மூணு ஊர்ச் சாப்பாட்டை ஒருவனாகச் சாப்பிடுகிறவன்.

எனக்குக் கவலை இதுதான். கல்யாணத்துக்கு நம் பக்கத்துச் சனம் மொத்தமும் வரும், என்னோடு தையல் ஆலையில் வேலை பார்த்தவர்கள் வருவார்கள், அவர்கள் வாயைப் பற்றி உனக்கு நான் சொல்லவேண்டியதில்லை. இந்தக் கத்தரிக்காயை அவர்கள் தட்டில் வைத்தால் மரேகியின் பேரனுக்குக் கல்யாணம் ஆகும்போதுகூட இதையே பேசிச் சிரிப்பார்கள். சரி, வாயைத் திறந்து சொல்லிவிடலாம் என்றால், கல்யாணத்துக்கு முன்பே சம்பந்தி வீட்டுச் சாப்பாட்டைக் குறை சொன்ன குடும்பம் என்று பெயர் வரும், பிள்ளையின் வாழ்க்கை தொடங்குவதற்கு முன்பே இரண்டு வீட்டுக்கும் ஆகாமல் போகும். வேறு ஏதாவது கடையாக இருந்தால் தட்டைத் தள்ளி வைத்துவிட்டுக் கூப்பிட்டுக் கேட்டிருப்பேன், எனக்கு யார் மேல் பயம். ஆனால் ஜெமாலின் வழக்கமே வேறு. யார் சாப்பிட வந்தாலும், வழியோடு போகிற லாரிக்காரனாக இருந்தாலும் சரி, கையில் ஒயின் ஜாடியோடு அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்து அவன் தாய் தகப்பனுக்காகக் குடிப்பார். அப்புறம் அவன் காசு கொடுக்க வந்த ஆளா, விருந்தாளியா? விருந்தாளி நாக்கு வெந்தாலும் நன்றாக இருக்கிறது என்றுதானே சொல்வான். நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போவான், திரும்பி வரமாட்டான். அந்த நல்ல மனுஷனுக்கு மேசைகள் ஏன் காலியாக இருக்கின்றன என்றே புரியவில்லை.

மரேகி நிலைமை இன்னும் மோசம். முதல் முதலாக மாப்பிள்ளை வீட்டுக்குப் போன அன்று மரியாதைக்காக இன்னொரு கத்தரிக்காய் கேட்டு வாங்கித் தின்றிருக்கிறாள். அன்றையிலிருந்து அவளுக்கு அதுதான் உயிர் என்று அந்த வீட்டில் முடிவாகிவிட்டது. போகிறபோதெல்லாம் "எங்க மருமகளுக்கு" என்று தனித் தட்டில் மலைபோல் வந்து நிற்கிறது. அன்றைக்கும் வந்தது, அவள் கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினாள், மாப்பிள்ளை பகூர் பக்கத்தில் உட்கார்ந்து சீஸ் ரொட்டி தின்றுகொண்டே கூரையைப் பார்த்தான்.

உன் அப்பாதான் அன்று மேசைக்குத் தமதா, கோப்பைக்குக் கோப்பை வாழ்த்துச் சொல்லி விருந்தை நடத்துகிறவர். கோப்பை தூக்கி வாழ்த்துச் சொல்வதில் அவருக்கு இருக்கும் வீம்பு உனக்குத் தெரியும், இல்லாததை இருக்கிறதென்று புகழமாட்டார். கஞ்சன் வாலிகோ செத்த நாற்பதாம் நாள் சாப்பாட்டில் "கைக்கு வந்ததை ஒரு நாளும் நழுவவிடாத மனுஷர்" என்று சொல்லி அவன் குடும்பத்தையே அழவைத்தவர் ஆயிற்றே. சமையல்காரருக்கு வாழ்த்துச் சொல்லாமல் மேசையை முடிக்கக் கூடாது, சொன்னால் பொய் சொல்லவேண்டும். என்ன செய்தார் தெரியுமா, தள்ளிப்போட்டார். சமாதானத்துக்குக் குடித்தோம், போய்ச் சேர்ந்தவர்களுக்குக் குடித்தோம், பிள்ளைகளுக்கு, அக்கம்பக்கத்தாருக்கு, மழைக்கு, ரயில்வேக்கு, உனக்கு வேலை கொடுத்த அயர்லாந்துக்காரர்களுக்குக்கூடக் குடித்தோம். நான் மேசைக்கடியில் அவர் காலை மிதித்தேன், வலிக்கிற முழங்கால் பக்கம், வேண்டுமென்றேதான். கடைசியில் ஜெமாலே "என்ன அன்ஸோர், என் அடுப்படி என்ன பாவம் பண்ணுச்சு, அதுக்கு ஒரு வாழ்த்துக் கிடையாதா" என்று கேட்டுவிட்டு, அவர் மனைவி லமாராவை உள்ளேயிருந்து கூப்பிட்டார். அவள்தான் அங்கே சமையல். கையைத் துடைத்துக்கொண்டு வந்து கதவோரம் நின்றாள்.

அப்பா எழுந்து நின்றார். "அந்த அக்ரூட் மரத்துக்காகக் குடிக்கிறேன்" என்று ஆரம்பித்தார். "மரம் தன்னோட வேலைய அக்டோபர்லயே முடிச்சிருச்சு. இனிப்பாத்தான் குடுத்துச்சு. அதுக்கப்புறம் தாமதம் பண்ணதெல்லாம் மனுஷங்கதான். காய் மேல தப்பே இல்ல, அது பாவம் ரொம்ப நாள் நமக்காகக் காத்துக்கிட்டு இருந்திருக்கு. லமாராவோட கைப்பக்குவத்துக்குப் பறிச்ச கையோட புதுப் பருப்புக் கிடைக்கட்டும்னு குடிக்கிறேன்" என்றார். இதைவிட மரியாதையாக ஒரு புகாரை இந்த நாட்டில் யாரும் சொல்லியிருக்கமுடியாது. ஆனால் ஜெமாலின் கண்ணில் பொலபொலவென்று தண்ணீர். "எங்கப்பா நட்ட மரம்யா, அன்ஸோர், அதுக்கு இப்படி ஒருத்தனும் வாழ்த்துச் சொன்னதில்ல" என்று அப்பாவைக் கட்டிப்பிடித்து முத்தம் கொடுத்துவிட்டு, "லமாரா, இன்னொரு தட்டுக் கத்தரிக்காய் கொண்டா" என்றார். உன் மாமா மேசைத் துணியில் முகத்தைப் புதைத்துக்கொண்டான்.

அப்பா உட்காரவில்லை. பிறகு கோப்பையை மரேகி பக்கம் நீட்டி, "அலவெர்தி, மகளே" என்று வார்த்தையை அவள் கையில் கொடுத்துவிட்டார். தான் தொடங்கிய வாழ்த்தை அவள் முடிக்கவேண்டும், மறுக்க வழியில்லை. எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை, பெரிய மனுஷர் தனக்கு முடியாததைப் பிள்ளை தலையில் கட்டிவிட்டாரே என்று. மரேகி எழுந்தாள். கோப்பையை வாங்கிக்கொண்டாள். "அத்தை, மொத நாளு நான் ரெண்டாவது தடவ கேட்டு வாங்கினேனே, அது ருசிச்சு இல்ல. உங்க முகத்தப் பாத்து வாங்கினேன். நாளைக்கு நான் இந்த வீட்டுக்கே வரப்போறவ. ஒரு பொய்யையும் கூடவே கூட்டிக்கிட்டு வர எனக்குப் பிடிக்கல. பருப்பு காறுது, மாமா. அத்தையோட கைய நான் குத்தம் சொல்லல, அந்தக் கைக்காகத்தான் குடிக்கிறேன்" என்று சொல்லி முழுக் கோப்பையையும் குடித்து வைத்தாள்.

ஜெமால் முகம் செங்கல்லாகச் சிவந்தது. அப்போது லமாரா, தட்டோடு நடுவில் நின்றவள், சிரிக்கத் தொடங்கினாள், சிரிப்பு அழுகையாயிற்று. தட்டை வைத்துவிட்டு மரேகியைக் கட்டிக்கொண்டாள். "எத்தன வருஷமாச் சொல்றேன் இந்த மனுஷன்கிட்ட! பழசு தீராமப் புதுசத் தொடாதேங்கறாரு. ஒவ்வொரு வருஷமும் புது மூட்டை பரண்ல ஏறி, தன் முறை வர்றதுக்குள்ள அதுவும் பழசாயிருது. நான் சொன்னா, மேசையில உக்காந்து சாப்பிட்டவன் ஒருத்தன் சொல்லட்டும் ஒத்துக்கறேன்றாரு. ஒருத்தனாவது சொன்னானா? இந்த வீட்டுக்கு இப்பதான் எனக்குன்னு ஒரு ஆள் வந்திருக்கு" என்றாள். ஜெமால் ஒரு கத்தரிக்காயை எடுத்து வாயில் போட்டார். விருந்தாளிகளோடு குடிப்பாரே தவிர அவர் மேசையில் சாப்பிடுவதில்லையாம். மென்றார், மென்றுகொண்டே எழுந்து உள்ளே போனார். ஏணி கிறீச்சிடுகிற சத்தம் கேட்டது. சம்பந்தம் முறிந்தது என்று நினைத்து நான் கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். கொஞ்ச நேரத்தில் முற்றத்தில் தொம்மென்று ஏதோ விழுந்தது. இன்னொன்று. எட்டிப் பார்த்தால், மேலேயிருந்து மூட்டை மூட்டையாக அக்ரூட் வந்து விழுகிறது. தலையெல்லாம் ஒட்டடையோடு ஜெமால் இறங்கி வந்து, வாழ்த்துக்குப் பதில் சொல்லவேண்டும் என்ற முறை தவறாமல் கோப்பையை எடுத்தார். "மரம் வெச்சது எங்கப்பா. மூட்டை கட்டிப் போட்டது நான். அவரு பேரைச் சொல்லிச் சொல்லி நான்தான் ஊருக்கெல்லாம் காறலை ஊட்டியிருக்கேன்" என்றார். பிறகு மரேகியிடம், "இனிமே உனக்குத் தனித் தட்டுக் கிடையாது, போ" என்றார். எல்லோரும் சிரித்துவிட்டோம். லமாரா வெண்ணெயில் முட்டை பொரித்துக் கொண்டுவந்தாள், அடடா, அவள் கைக்கு என்ன ருசி, உன் மாமா சட்டியை வழித்தான்.

ஆக, புதுக் காய் இறங்கிய பிறகு, அக்டோபர் கடைசியில் கல்யாணம், விருந்து அங்கேயேதான். மரேகி பாட்டுப் பாடிக்கொண்டு வளையவருகிறாள், எனக்கும் மனசு நிறைந்திருக்கிறது.

ஆனால் வீட்டுக்கு வந்து படுத்த பிறகுதான் ஒன்று உறைத்தது. போன வருஷம் நிச்சயதார்த்தத்துக்கு ஜெமால் நமக்கும் ஒரு மூட்டை அக்ரூட் கொடுத்தார். புத்தாண்டுக்குத் தேன் காய்ச்சி, அந்த அக்ரூட்டைப் போட்டுத்தான் கோசினாகி வில்லை செய்தேன். எனக்குச் சர்க்கரை வியாதி இருப்பதால் நான் வாயில் வைக்கவில்லை. உனக்கு ஒரு டப்பா நிறைய அனுப்பினேன், நீ "அமிர்தம், அம்மா, ஒரே நாள்ல காலி" என்றாய். அப்பாவை எழுப்பிக் கேட்டேன், அதுவும் காறல்தான் என்றார். புத்தாண்டன்று அவர் ஒரு வில்லையைத் தின்றுவிட்டு "தேன் அருமையான தேன், சியாலா" என்று சொல்லியிருந்தார், நான் பூரித்துப்போனேன். ஜெமாலைப் பார்த்துச் சிரித்தேனே, நானும் அவரும் ஒன்றுதான்.

மல்காஸ், உன் மேல் கோபமில்லை. ஆனால் காறலை அமிர்தம் என்று சொன்ன வாய்தானே மூன்று வருஷமாக அறை நன்றாக இருக்கிறது, மேஸ்திரி நல்லவர், குளிர் பழகிவிட்டது என்கிறது? எனக்கு இப்போது ஒன்றும் நம்பிக்கையாக இல்லையப்பா. உன் தங்கை சொன்னாள், ஒன்றும் இடிந்து விழவில்லை. நீயும் சொல். நாங்கள் தாங்குவோம்.

தேவமாதா உனக்குத் துணையிருக்கட்டும், நோய்நொடி அண்டாமல், நல்லவர்கள் நடுவில் நீ இருக்கவேண்டும். காது மூடுகிற தொப்பி போட்டுக்கொள், கல்யாணத்துக்கு இப்போதே லீவு சொல்லி வை. மறந்துவிடாதே, பதில் எழுதும்போது அந்தக் கோசினாகி எப்படி இருந்தது என்பதை முதல் வரியில் எழுது. அந்த வரி உண்மையாக இருந்தால் மிச்ச வரிகளை நம்புகிறேன்.

முத்தங்களுடன்,
உன் அம்மா
சியாலா