தோர்த்து இறக்கிய பிறகு

இன்று காலை சாலைக் கடைத்தெருவில் ஒரு தோர்த்துத் துண்டு வாங்கினேன். வாங்கவேண்டும் என்று போகவில்லை. மழை பிடித்துக்கொண்டது, ஒதுங்கி நின்ற இடம் துணிக்கடையாக இருந்தது. கடைக்காரர் என் தலையைப் பார்த்துவிட்டு ஒரு கட்டைப் பிரித்தார். புதுத் தோர்த்தின் கஞ்சி வாசனை வந்தது. முட்டி வலியோடு நின்றுகொண்டிருந்தவள், அங்கிருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன்.

உன் வகுப்பறையில் அந்த வாசனை இருக்கும். மேசை இழுப்பறையில் சாக்குக்கட்டிகளுக்குப் பக்கத்தில் மடித்து வைத்த ஒரு தோர்த்து. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் வீட்டுக்குக் கொண்டுபோய்த் துவைத்துக் கஞ்சி போட்டு எடுத்து வருவாய். மெல்லிய வெள்ளைத்துணி, கரையில் ஒரு சிவப்புக் கோடு. பள்ளிக்கூடத்தில் நாடகச் சாமான் என்று உன்னிடம் இருந்தது அது ஒன்றுதான்.

நீ போய் நான்கு மாதமாகிறது. நினைவு மலர் போடுகிறார்களாம். பள்ளியிலிருந்து ஓர் இளம் ஆசிரியை இரண்டு தடவை அழைத்தார். நல்ல பெண். "மேடம், அந்தத் தோர்த்துச் சம்பவத்தை நீங்கதான் எழுதணும், பேரு ஊரெல்லாம் போட்டு டீட்டெயிலா" என்றார். பார்க்கலாம் என்று சொல்லிவைத்தேன். மலருக்கு எழுதப்போவதில்லை. உனக்கு எழுதுகிறேன்.

கல்லூரியில் மூன்று வருடம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தோம். பிறகு நீ தமிழ் வகுப்புக்குப் போனாய், நான் பத்திரிகைக்கு. வலியசாலையில் உங்கள் வீட்டு வாசலில் என்னைக் கண்டால் "வாங்கோ ரிப்போர்ட்டரே, எந்த மந்திரி ராஜினாமா?" என்பாய். உன் வகுப்பைப் பற்றி எழுதட்டுமா என்று நான் பல வருடம் கேட்டிருக்கிறேன். பல வருடம் நீ சிரித்துவிட்டுக் காபி கொண்டுவரப் போயிருக்கிறாய். கடைசியில் ஒருநாள், வந்து உட்கார் என்றாய். ஏன் அன்றைக்குச் சம்மதித்தாய் என்று எனக்குத் தெரியாது. தமிழ்ப் பிரிவில் பிள்ளைகள் குறைந்துகொண்டே வந்ததனாலாக இருக்கலாம்.

அன்றைய பாடம் ஒரு பழைய பாட்டு. பொருள் தேடிப் போன தலைவன் திரும்பவில்லை, தலைவி காத்திருக்கிறாள், தோழி தேற்றுகிறாள். நீ முதலில் பொருள் சொல்லவில்லை. பெஞ்சுகளைச் சுவரோரம் தள்ளச் சொன்னாய். பாட்டை ஒவ்வொருவரும் நடந்துகொண்டே வாசிக்கவேண்டும். வாக்கியம் எங்கே திரும்புகிறதோ அங்கே காலும் திரும்பவேண்டும். பிள்ளைகள் ஒருவர்மேல் ஒருவர் முட்டிக்கொண்டார்கள். அப்புறம் தரையில் சாக்குக்கட்டியால் ஒரு நீளக் கோடு போட்டாய். இந்த முனை வீடு, அந்த முனை வெயில் காடு. தலைவன் வருவான் என்று நம்புகிறவர்கள் வீட்டுப் பக்கம் நில்லுங்கள், மாட்டான் என்பவர்கள் அந்தப் பக்கம். நடுவில் நின்று தயங்கினவர்களிடம்தான் நீ அதிகம் பேசினாய். சிலர் மலையாளத்தில் பதில் சொன்னார்கள். நீ தடுக்கவில்லை. "முதல்ல எந்த பாஷையில வரதோ அதுல சொல்லு. தமிழ்ல அப்புறம் எழுதிக்கலாம்."

அதன் பிறகுதான் தோர்த்து. பாட்டில் தலைவன் ஒரு வார்த்தையும் பேசுவதில்லை. ஆகவே அவனைக் கூப்பிட்டுக் கேட்போம் என்றாய். யார் தோளில் தோர்த்து விழுகிறதோ அவர் தலைவன். நாற்காலியில் உட்காரவேண்டும், கேட்டதற்கெல்லாம் தலைவனாகவே பதில் சொல்லவேண்டும். உன் வகுப்பில் ஒரே ஒரு சட்டம். தோர்த்தோடு சொன்னதைத் தோர்த்து இறக்கிய பிறகு யாரும் எடுத்துப் பேசக்கூடாது. கேலி கூடாது, ஆறுதலும் கூடாது. அந்தச் சட்டத்தை நீ எனக்கும் சொன்னாய். நான் அதையும் நோட்டில் எழுதிக்கொண்டேன்.

அன்று உட்கார்ந்தவள் ஹாஸ்டலில் தங்கிப் படித்த ஒரு பெண். மலை எஸ்டேட்டில் அம்மாவுக்குக் கொழுந்து பறிக்கிற வேலை. எந்த மலை, எந்த எஸ்டேட் என்று இங்கே எழுதவில்லை.

முதலில் எல்லாம் சிரிப்பாகத்தான் போனது. போன இடத்திலிருந்து ஒரு ஃபோன் பண்ணக்கூடாதா என்று ஒருத்தி கேட்டாள். சார்ஜ் இல்லை என்றாள் இவள். வகுப்பே சிரித்தது. அங்கே வேறு கல்யாணம் ஆகிவிட்டதோ என்று ஒருவன் கேட்க, "உனக்கு அதுதான் கவலை" என்று காலை நீட்டி உட்கார்ந்துகொண்டாள். பிறகு முன்னால் உட்கார்ந்திருந்த ஒரு சின்னக் குரல் கேட்டது: வெறுங்கையோடு வந்தால் அவள் முகத்தைத் திருப்பிக்கொள்வாளோ?

அவள் கொஞ்ச நேரம் தோர்த்தின் நுனியை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"திருப்பிக்கிட்டா வந்திருவேன். அவ ஒண்ணும் சொல்லாம சோறு போடுவா. அதுக்குப் பயந்துதான் வரல."

நீ போய்த் தோர்த்தை எடுத்து மடித்தாய். நான் அந்த மூன்று வாக்கியத்தையும் எழுதி முடித்திருந்தேன்.

இடைவேளையில் அவளிடம் பேசினேன். பெயர், எஸ்டேட், எந்த லயத்து வரிசையில் வீடு, எல்லாம் சொன்னாள். அப்பா நகர ஓரத்துக் கழக்கூட்டத்தில் ஃபிளாட் கட்டுகிற வேலையில் இருக்கிறார், இத்தனை மாடி என்று பெருமையாகவே சொன்னாள். எல்லா எழுத்துகளையும் சரிபார்த்துக்கொண்டேன். முப்பது வருடப் பழக்கம் அது. செய்தியில் பெயர் தப்பாக வந்தால் எனக்குச் சாப்பாடு இறங்காது.

ஞாயிற்றுக்கிழமை வெளியானது. நல்ல கட்டுரை என்று அலுவலகத்தில் சொன்னார்கள். ஒரு சொல் பிழையில்லை. அவள் நாற்காலியில் சொன்ன மூன்று வாக்கியத்தையும், இடைவேளையில் சொன்ன அப்பாவின் வேலையையும் நான் ஒரே பத்தியில் வைத்திருந்தேன். அடுத்தடுத்து. நடுவில் ஒரு முற்றுப்புள்ளிதான்.

நம் பத்திரிகை கழக்கூட்டத்தில் யாருக்குப் போகிறது என்று நான் யோசிக்கவில்லை. அங்கே கம்ப்யூட்டர் கம்பெனிக்காரர்களா தமிழ்ப் பேப்பர் வாசிக்கிறார்கள்? கட்டட வேலைக்கு வந்த நம் ஆட்கள் சாயா குடிக்கிற கடையில்தான் அது தொங்கும். அங்கே ஒருவர் சத்தமாக வாசித்திருக்கிறார். மறுநாளிலிருந்து அவள் அப்பாவுக்கு அங்கே தலைவர் என்று பெயர். சாந்து சட்டியைத் தூக்கினால், "என்ன தலைவரே, பொருள் தேடி முடிஞ்சிச்சா?" சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தால், "பாத்து, ஒண்ணும் சொல்லாம போட்டிருக்கா."

அவர் மாதக்கணக்கில் வீட்டுக்குப் போகாதவர். அது எனக்குத் தெரியாது. வகுப்பில் யாருக்கும் தெரியாது, உன்னைத் தவிர. மனைவிக்கு ஃபோன் செய்து, மகள் தன்னை ஊர் முன்னால் நிறுத்திவிட்டாள், இனி அந்தப் படி ஏறமாட்டேன் என்று சொல்லிவிட்டார். அந்த அம்மா அடுத்த பஸ்ஸில் இறங்கி வந்து, ஹாஸ்டலிலிருந்து பெண்ணைக் கூட்டிக்கொண்டு மலைக்குப் போய்விட்டார். பொதுத்தேர்வுக்கு இரண்டு மாதம்கூட இல்லை.

நீ எனக்கு ஃபோன் செய்தபோது இவ்வளவையும் ஒரே குரலில் சொன்னாய். திட்டவில்லை. "சனிக்கிழமை லீவு போடு. போகணும்" என்றாய். திட்டியிருக்கலாம்.

மலைக்குப் பஸ் குறைவு. தம்பானூரில் அதிகாலையில் ஏறினோம். கொண்டை ஊசி வளைவுகளில் எனக்குக் குமட்டியது, நீ எலுமிச்சம்பழம் ஒன்றைக் கையில் கொடுத்தாய். வழியெல்லாம் நான் திரும்பத் திரும்ப, மன்னிப்புக் கேட்கிறேன், மறுப்பு போடுகிறேன் என்றேன். என்னத்தை மறுப்பாய் என்று கேட்டாய்.

லயத்தில் எட்டாவது வீடோ ஒன்பதாவது வீடோ. அந்த அம்மா எங்களை உள்ளே உட்காரச் சொன்னார், பால் விடாத கட்டன் சாயா போட்டார். அவர் கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். "டீச்சரம்மா, இவளுக்குப் படிப்பு வரும்னு தெரியும். ஆனா படிக்கப் போன எடத்துல வீட்டைப் பேசக்கூடாதுல்ல" என்றார். நீ மறுக்கவில்லை. அந்தப் பெண் அடுப்புப் பக்கம் நின்றிருந்தாள். என்னைப் பார்க்கவில்லை.

நான் வாய் திறந்தேன். நீ பையிலிருந்து தோர்த்தை எடுத்தாய். கொண்டு வந்திருந்தாய் என்று எனக்குத் தெரியாது. அதை என் தோளில் போட்டு, அங்கே கிடந்த ஒரே நாற்காலியைக் காட்டி, "ஒக்காரு" என்றாய். பிறகு அவளைப் பார்த்து, "கேளு. ஒனக்கு என்னெல்லாம் கேக்கணுமோ கேளு."

"இவங்க என்னவா நடிக்கிறாங்க?" என்று அம்மாதான் கேட்டார்.

"நடிக்கல்லை. அவ ரிப்போர்ட்டர், ரிப்போர்ட்டராவே ஒக்காந்திருக்கா."

வெளியே யாரோ பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த சத்தம் கேட்டது. பிறகு அவள் கேட்டாள். என் வாழ்க்கையில் எத்தனையோ பேரை எதிரில் உட்காரவைத்துக் கேள்வி கேட்டிருக்கிறேன். இந்தப் பக்கம் உட்கார்ந்தது அன்றுதான்.

"அப்பா வேலை செய்யிற எடத்த எதுக்குப் போட்டீங்க?"

பெயரும் இடமும் இருந்தால்தான் வாசிக்கிறவர்கள் நம்புவார்கள் என்றேன். உண்மையான பதில் அதுதான்.

"நம்பிட்டாங்க" என்றாள்.

நான் மன்னிப்புக் கேட்கத் தொடங்கினேன். நீ கையைக் காட்டி நிறுத்தினாய். "அப்புறம். அவ கேட்டு முடிக்கட்டும்."

"சோறு போடறத நான் சொன்னதாவா எழுதுனீங்க?"

"ஆமா. நீ சொன்னதாத்தான்."

"நான் சொல்லல. தலைவன்தான் சொன்னான்."

நான் தலையை ஆட்டினேன். அவள் வந்து, என் தோளிலிருந்து தோர்த்தை அவளாகவே எடுத்து, நீ மடிக்கிற மாதிரி நான்காக மடித்து உன்னிடம் கொடுத்தாள். "மதி, டீச்சர். போதும்."

அம்மா ஒன்றும் சொல்லவில்லை. எங்களுக்குச் சோறு போட்டார். சாப்பிட்டோம். அதை எப்படிச் சாப்பிட்டேன் என்று எழுத எனக்கு வரவில்லை.

திங்கட்கிழமை அவள் வந்துவிட்டாள் என்று நீ சொன்னாய். தேர்வு எழுதினாள். ஆனால் அதுவரை ஒருநாளும் அந்த நாற்காலியில் உட்காரவில்லை. நீயும் கூப்பிடவில்லை. தோர்த்தை வெள்ளிக்கிழமை துவைக்கக் கொண்டுபோகிற வேலையையும், இன்றைக்கு யார் தோளில் போடவேண்டும் என்று முடிவு செய்கிற வேலையையும் அவளிடம் கொடுத்துவிட்டாய். என்னிடம், "நீ எப்ப வேணும்னாலும் வகுப்புக்கு வா. நோட்டை மட்டும் வாசல்ல வச்சுட்டு வா, கேட்டியா" என்றாய். பலமுறை வந்தேன். பிள்ளைகள் கோட்டின்மேல் நின்று சண்டை போட்டார்கள், பாட்டை நடந்து வாசித்து முட்டிக்கொண்டார்கள். ஒரு வரியும் எழுதவில்லை. அதில் நிறைய மறந்துவிட்டது. மறந்துபோகட்டும் என்றுதான் நீ நினைத்திருப்பாய்.

இப்போது வகுப்புகளில் பிள்ளைகள் நடிப்பதை ஃபோனில் பிடித்து அன்றே எல்லாருக்கும் அனுப்புகிறார்கள். நல்லெண்ணத்தில்தான் செய்கிறார்கள். நானும் நல்லெண்ணத்தில்தான் செய்தேன். அந்த இளம் ஆசிரியையிடம் இதைச் சொல்ல நினைத்து, சொல்லத் தெம்பில்லாமல் ஃபோனை வைத்துவிட்டேன். இந்த வயதில் பாதி விஷயத்தைத் தெம்பில்லாமல்தான் விடுகிறேன். நாளை அவரை நானே அழைக்கவேண்டும். அந்த ஒரு சட்டத்தையாவது சொல்லிவிடவேண்டும்.

கடைசியாக உன்னைப் பார்த்தது வலியசாலை வீட்டில், முன்னறைக் கட்டிலில். மூச்சுக்கு இரண்டு வார்த்தைதான் வந்தது உனக்கு. ஊர்க்கதை எல்லாம் சொன்னேன். எந்த மந்திரி என்று சைகையால் கேட்டாய், சிரித்தோம். கிளம்பும்போது கையைப் பிடித்தாய்.

"அவ அப்பா... திரும்பி வந்தாரான்னு... நீ கேக்கவே இல்லையே?"

கேட்டால் எழுதிவிடுவேன் என்றேன். அத்தனை வருடமும் நான் அதைக் கேட்காமலே இருந்திருந்தேன். அவள் படிப்பு எதுவரை போனது என்று கேட்டேன், வேலை கிடைத்ததா என்று கேட்டேன். இதை மட்டும் கேட்கவில்லை. செய்திக்குப் பின்னால் போய் என்ன ஆயிற்று என்று தெரிந்துகொள்ளாமல் நான் விட்டது அது ஒன்றுதான்.

"இப்பவாவது கேளு. சொல்றேன்."

நான் உன் கையைப் போர்வைக்குள் வைத்தேன். அடுத்த தடவை கேட்கிறேன் என்றேன். உனக்கு அடுத்த தடவை இருந்தது என்று நான் நிஜமாக நம்பினேனா, தெரியாது. பதில் இரண்டில் ஒன்றுதான். இரண்டையும் தாங்க அன்று எனக்குத் திராணி இல்லை.

பழைய நோட்டு அலமாரியில் இருக்கிறது. அந்தப் பக்கத்தில் அவள் பெயர், அப்பா பெயர், லயம், எல்லாம் தெளிவாக இருக்கின்றன. நாளைக்கே பஸ் ஏறி விசாரித்தால் பதில் கிடைத்துவிடும். எப்படி விசாரிப்பது என்பது எனக்குத் தெரிந்த ஒரே தொழில். போகமாட்டேன்.

மழை விட்டதும் கடைக்காரர் தோர்த்தைக் காகிதத்தில் சுற்றப் போனார். வேண்டாம் என்றேன். தலையைத் துவட்டினேன், தோளில் போட்டுக்கொண்டேன். கிழக்கேகோட்டை வரை நடந்து, பஸ்ஸில் உட்கார்ந்து, வீட்டு வாசல்வரை அப்படியே வந்தேன். வழியில் யாரும் என்னை எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பேன்.