விழுந்தவள் எதையும் காணவில்லை

புத்தகம் இன்னும் சவர்க்காரம் மணக்கிறது. உன் கனடா மாமி வழமைபோலச் சவர்க்காரக் கட்டிகளுக்கும் சொக்கிலேற் பைகளுக்கும் நடுவில் புத்தகங்களைச் செருகி அனுப்பியிருக்கிறார். கப்பலில் பெட்டி வந்துசேர மூன்று மாதமாவது ஆகும். அவர் அதைக் கட்டி ஒட்டும்போது நீ உயிரோடு இருந்தாய். இங்கே வந்து இறங்கும்போது உன் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியும் முடிந்துவிட்டது. உன் அம்மா போனில் கூப்பிட்டார். "பிள்ளை, அவளின்ரை புத்தகம் வந்து கிடக்கு. வந்து கொண்டு போ. எனக்கு உதுகளைப் பாக்க ஏலாது."

கொண்டு வந்தேன். வாசித்தும் முடித்துவிட்டேன். நீ காத்திருந்த மூன்றாம் பாகம்தான். உப்புச் சுரங்கத்தில் வேலை செய்கிற பெண், மலைகள் கதைப்பது அவளுக்கு மட்டும் கேட்கும், அரசன் அவளைத் தேடுகிறான், அந்தக் கதை. அபிப்பிராயம் கேட்பாய். சொல்கிறேன். முதல் நூறு பக்கம் நல்லது. பிறகு எழுதினவருக்கே அலுத்துவிட்டது. நகரம் முழுக்க எரிகிறது. அடுத்த அத்தியாயத்தில் எல்லோரும் தலைக்குக் குளித்து, பட்டு உடுத்து, விருந்தில் நிற்கிறார்கள். தண்ணீர் எங்கே எடுத்தார்கள், பிள்ளைகளை எங்கே படுக்கவைத்தார்கள், ஒன்றும் இல்லை. இரண்டாம் பாகத்தில் செத்த அவளுடைய தம்பி திரும்பி வந்துவிட்டான்.

அது உனக்குப் பிடிக்காது. "செத்த ஆளைத் திருப்பிக் கொண்டுவாறது களவு. நான் அழுததை ஆர் திருப்பித் தாறது?" என்று கேட்பாய். அந்த இடத்தோடு புத்தகத்தை மூடிவிடுவாய். நான் மூடவில்லை. தம்பி கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வருகிற பக்கத்தை நாலைந்து தரம் வாசித்தேன். மட்டமாகத்தான் எழுதியிருக்கிறது. இருந்தாலும் வாசித்தேன்.

நான் கம்பஸ் படிப்பை இரண்டாம் வருடத்தில் விட்டுவிட்டு வந்து நின்றபோது, ஏன் விட்டாய் என்று கேட்காத ஒரே ஆள் நீ. "உனக்கு இனி நேரம் கிடக்குத்தானே" என்று ஒரு தடித்த புத்தகத்தைக் கையில் திணித்தாய். ஸ்காபரோவில் அந்த மாமியின் மகள், உன் மச்சாள், வாசித்துத் தள்ளுகிறதெல்லாம் பெட்டியில் ஏறி இங்கே வரும். அங்கே போன வருடம் வெளிவந்தது இந்த வருடம் எங்கள் கையில். ட்ராகன், சூனியக்காரி, வேறு கிரகம், மூளைக்குள் சிப் வைத்த பெட்டையள். ஒருவர் முடித்து மற்றவருக்கு. பிறகு சண்டை.

உனக்கு ஒன்றுமே முழுதாகப் பிடித்ததில்லை. பத்தாம் பக்கத்துக்கிடையில் தாய் தகப்பனைக் கொன்றுவிடுகிறார்கள் என்பது உன் முதல் முறைப்பாடு. தாய் தகப்பன் இருந்தால் அந்தப் பிள்ளை வீட்டு வாசல் படலையைத் தாண்டாது, கதையும் நடக்காது என்று நான் சொன்னேன். "அதுதான் எனக்கு ஒண்டும் நடக்கேல்லை" என்றாய். எல்லாக் கதையிலும் இரண்டு பொடியன்கள் கதாநாயகிக்காக அடிபடுவது, அந்த இரண்டு பேருக்கும் ஒரு தொழிலும் இல்லாதது, அது இரண்டாவது. விண்வெளிக் கதைகளில் நீ தேடியது விசா. பூமி அழிகிறது, நித்திரையாக்கிய பிள்ளைகளோடு கப்பல் வேறு கிரகத்தில் போய் இறங்குகிறது. "இறங்கினவுடனை ஒருத்தரும் இன்ரவியூ வைக்கேல்லையே? எங்கடை அண்ணைமார் ஆரும் எழுதியிருந்தா முதல் இருநூறு பக்கமும் அகதிக் கேஸ் விசாரணைதான்" என்று நீ சொன்னபோது நான் தேத்தண்ணியைச் சட்டையில் ஊற்றிக்கொண்டேன்.

இன்னொன்று, பிறக்கும்போதே தெரிவுசெய்யப்பட்ட பெண். பழைய சுவடியில் அவளைப்பற்றி எழுதியிருக்கும், அவளால்தான் நாடு பிழைக்கும். நீ அதை வாசித்துவிட்டு உன் சாதகத்தைப் பற்றிச் சொன்னாய். "எனக்கும் எழுதி வைச்சிருக்கினம். செவ்வாய் எட்டிலை. என்னாலை ஒரு மாப்பிள்ளை சாவானாம். நாடு தப்புறதைப் பற்றி ஒண்டும் இல்லை."

உனக்கு வலிப்பு இருந்தது, உன் வீட்டாருக்கு வெளியே எனக்கு மட்டும்தான் தெரியும். எனக்குத் தெரிந்ததும் நீ எங்கள் விறாந்தையில் கையில் புத்தகத்தோடு விழுந்தபடியால்தான். உன் அம்மா ஓடிவந்து, உன்னைத் தூக்குவதற்கு முதல் படலையைச் சாத்தினார். அதற்குப் பிறகு உன்னைக் கிளினிக்குக்குக் கூட்டிப்போகிற வேலை எனக்கு வந்தது. படிப்பை விட்டவள் எங்கே போகிறாள் என்று ஒருவரும் கேட்பதில்லை. யாழ்ப்பாணத்து ஆஸ்பத்திரி என்றால் நடைபாதை முழுக்கத் தெரிந்த முகம். அதனால் கோப்பாய்ச் சந்திவரை வந்து பஸ் ஏறிச் சாவகச்சேரிக்குப் போனோம். ஆராவது கேட்டால் தையல் வகுப்பு. நாங்கள் ஒரு ஊசியைக்கூடத் தொட்டதில்லை.

நம்பர் எடுத்துவிட்டு மர வாங்கில் இருந்து வாசிப்போம். அரசர்கள் கதைக்கிறதையெல்லாம் நீ எங்கள் பேச்சில் மாற்றிச் சொல்வாய். "ராசா, உங்கடை படை துலைஞ்சுது. நான் வீட்டை போறன்." பக்கத்தில் மருந்துக் குளிசைச் சரையோடு இருந்த கிழவர் ஒருவர் அதைக் கேட்டுச் சிரித்ததை நினைக்கிறேன்.

ஒருநாள் நீ சிரிக்கவில்லை. முதல் நாள் விழுந்திருந்தாய். நாக்குக் கடிபட்டு, பேச்சுத் தடித்து வந்தது. மடியில் இந்தத் தொடரின் இரண்டாம் பாகம். அதில் ஒரு பெண் விழுந்து உதறுவாள், கண் செருகும், எழும்பி வருங்காலத்தைச் சொல்வாள். அந்த ஒரு புத்தகம் மட்டுமில்லை. புதிதாக வருகிறவற்றில் பாதியில் இப்படி ஒருத்தி இருக்கிறாள். நீ பக்கத்தை விரித்து என் மடியில் வைத்தாய்.

"எடி, இவள் எழும்பின கையோடை எதிரியின்ரை படை எந்தப் பக்கத்தாலை வருது எண்டு சொல்லுறாள். நான் எழும்பினா இண்டைக்கு என்ன கிழமை எண்டே தெரியாது. வாயெல்லாம் ரத்தம். சட்டை நனைஞ்சிருக்கும். நான் ஒண்டையும் காணேல்லை. ஒருநாளும் காணேல்லை."

நான் சமாதானம் சொன்னேன். ஒளிக்காமல் எழுதுகிறார்கள், அவளைப் பெரிய ஆளாக்குகிறார்கள், நல்லதுதானே என்று.

"பெரிய ஆளாக்க வேண்டாம். ஆளா வைச்சிருந்தாக் காணும்."

பிறகு சொன்னாய், இந்தப் புத்தகங்களில் வீட்டார் ஒளித்து வைக்கிற பிள்ளைக்கெல்லாம் கடைசியில் மந்திரம் வருகிறது, உன்னையும் ஒளித்துத்தான் வைத்திருக்கிறார்கள், குளிசையின் அளவு கூடினதைத் தவிர வேறொன்றும் வரவில்லை என்று. உன் நம்பரைக் கூப்பிட்டார்கள். எழும்பிப் போனாய்.

டொக்டர் கண்டிப்பாகச் சொன்ன விஷயங்களில் ஒன்று, குளிக்கும்போது கதவைப் பூட்டக்கூடாது. உங்கள் வீட்டில் அதைச் சரியாகத்தான் பார்த்தார்கள். நீ குளித்து முடியும்வரை அம்மா வெளியே படியில் இருந்து வெங்காயம் உரிப்பார். நீ போன அன்றைக்கு லண்டன் மாப்பிள்ளையின் தாயும் சித்தியும் உன்னைப் பார்க்க வருவதாக இருந்தது. பின்னேரம் என்று சொன்னவர்கள் காலையிலேயே வந்து ஹோலில் இருந்துவிட்டார்கள். குளியலறை ஹோலோடு ஒட்டினது. அம்மா தேத்தண்ணி போடக் குசினிக்குப் போனார். வந்தவர்கள் கண்ணுக்கு முன்னால் தாய் ஏன் வளர்ந்த பிள்ளையின் குளியலறை வாசலில் காவல் இருக்கவேண்டும், கதவு ஏன் சாத்தினபடி பூட்டாமல் கிடக்கவேண்டும்? நீ உள்ளே கொண்டியைப் போட்டாய். வாளி விழுந்த சத்தம் கேட்டதாம். அம்மா கதவடிக்கு ஓடிவந்து, உன் பெயரை மெல்லமாகத்தான் கூப்பிட்டாராம். இரண்டாவது தரமும் மெல்லமாகத்தான். அப்பா கதவை உடைத்தபோது தண்ணீர்த் தொட்டிக்குள் உன் முகம் கவிழ்ந்திருந்தது. இதையெல்லாம் உன் தங்கச்சி எனக்குச் சொன்னாள்.

அந்தியேட்டிக்கு நினைவு மலர் அடித்தார்கள். எங்கள் பக்கம் கல்வெட்டு என்கிற அதே சாமான்: உன் படம், குலப்பெருமை, இரண்டு வெண்பா, தேவாரம், நன்றி. எங்கள் ஆட்கள் அச்சடிக்கிற ஒரே ஃபான்ரசிக் கதை கல்வெட்டுத்தான் என்று நீ சொல்வாய். "அதிலை ஒருத்தரும் குடிச்சதில்லை, ஒருத்தரும் மனிசிக்கு அடிச்சதில்லை, எல்லாரும் இறைபதம் அடைஞ்சிட்டினம்." நான் உன் சிநேகிதி என்றபடியால் உன் பெரியப்பா என்னிடமும் ஒரு பக்கம் கேட்டார். உன் அபிப்பிராயங்களை எழுதிக் கொடுத்தேன். வேறென்னத்தை எழுத? விசாவை எழுதினேன், வேலையில்லாத பொடியன்களை எழுதினேன். விழுந்து எழும்பி நீ ஒன்றையும் காணவில்லை என்று சொன்னதையும் எழுதினேன்.

உன் அம்மா அந்தத் தாளோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். கதிரையில் இருக்கவில்லை.

"வடிவா எழுதியிருக்கிறாய், பிள்ளை. கடைசி வசனத்தை மட்டும் எடுத்துவிடன்."

"அன்ரி, அது அவள் சொன்னது."

"ஓம். அவளுக்கு இனி ஒண்டும் இல்லை. சின்னவள் இருக்கிறாள்."

எனக்கு வாயில் நிறைய வந்தது. அந்த மனுசி நின்ற நிலையைப் பார்த்தேன். எடுத்தேன். எந்த இடத்திலும் உன் பெயரையும் வலிப்பையும் சேர்த்து எழுதமாட்டேன் என்று சொல்லும்படி கேட்டார். சொன்னேன். அதனால் இந்த மடலில் உன் பெயர் இல்லை. உன் ஊரும் இல்லை. கல்வெட்டில் பெரியப்பா என் பக்கம் முழுவதையும் வெட்டி, "நூல் வாசிப்பதில் பேரார்வம் கொண்டவர்" என்று ஒரு வரி போட்டிருந்தார். சாவுக்குக் காரணம், எதிர்பாராத விபத்து.

பெட்டியில் வந்த புத்தகங்களை எடுக்கப் போனபோது உங்கள் குளியலறைக் கதவைப் பார்த்தேன். புதுக் கதவு. கொண்டி இல்லை. அம்மா தங்கச்சியையும் பூட்ட விடுவதில்லையாம், அவள் குளிக்கும்போதும் வெளியே வந்து இருக்கிறாராம். அவளுக்கு ஒன்றும் இல்லை, ஒருநாளும் விழுந்ததில்லை. ஆனால் தலை சுற்றினால் பயம், கண் மின்னினால் பயம். அம்மாவைக் கேட்டால் அந்தக் கதையை எடுக்காதே என்கிறாராம். "நீங்கள் அக்காவைக் கூட்டிக்கொண்டு போன இடத்துக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போங்கோ" என்றாள்.

போன புதன்கிழமை போனோம். அதே வாங்கு. நம்பர் எடுத்துவிட்டு இருக்க, பக்கத்தில் ஒரு பெண் வந்து இருந்தார். உங்கள் ஒழுங்கையில் மூன்று வீடு தள்ளி இருக்கிறவர். செத்தவீட்டில் உன் தங்கச்சியைக் கட்டிப்பிடித்து அழுதவர். தங்கச்சியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், திரும்பவும் தங்கச்சியைப் பார்த்தார்.

"என்ன பிள்ளை, இஞ்சாலை? ஆருக்குச் சுகமில்லை?"

தையல் வகுப்பு என்று சொல்ல வாயைத் திறந்தேன். அவ்வளவு பழகிவிட்டது.

"அக்காவுக்கு வலிப்பு இருந்தது, மாமி" என்றாள் உன் தங்கச்சி. "எனக்கும் வருமோ எண்டு கேக்க வந்தனாங்கள்."

அந்த மனுசி தன் கைப்பையை மடியிலிருந்து எடுத்து மற்றப் பக்கத்தில் வைத்தார். "நீங்கள் இஞ்சை வந்தது அம்மாவுக்குத் தெரியுமோ?" என்று கேட்டார்.

"இப்ப நீங்கள் போய்ச் சொல்லுவியள்தானே."

அவள் அதைத் துணிச்சலோடு சொன்னாள் என்று நினைக்காதே. சொல்லிவிட்டு நம்பர் துண்டைச் சுருட்டிக்கொண்டே இருந்தாள். டொக்டர் அவளை இருத்திவைத்து எல்லாம் விசாரித்தார், பயப்பட ஒன்றுமில்லை என்றார். உனக்கு என்ன நடந்தது என்று கேட்டார். அதையும் அவளே சொன்னாள். கொண்டி போட்டதை, லண்டன்காரர் வந்திருந்ததை, எல்லாவற்றையும். அவர் பேனையை மேசையில் வைத்தார்.

திரும்பி வருகிற பஸ்ஸில் அவளுக்கு யன்னல் பக்கம் இடம் கிடைத்தது. கையைப் பிடித்துக்கொண்டேன். நாங்கள் வீட்டுக்குப் போக முதல் செய்தி போய்விடும், அம்மா படலையில் நிற்பார். அவளுக்கும் அது தெரியும். கைதடி தாண்டும்போது கேட்டாள், "அக்கா இருந்திருந்தா இண்டைக்கு என்ன சொல்லியிருப்பா?"

எனக்குத் தெரியும். இந்தக் கதைகளில் நீ மன்னிக்கவே மன்னிக்காத ஒன்று இருந்தது. வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம், மூன்றாம் பாகம் வரைக்கும் ஒருவரும் வெளியில் சொல்லமாட்டார்கள். ஒருநாள் எங்கள் விறாந்தையில் இருந்து புத்தகத்தை மூடிவிட்டுச் சொன்னாய், "முதலாம் அத்தியாயத்திலை ஆராவது வாயைத் திறந்திருந்தா இதிலை பாதிப்பேர் செத்திருக்க மாட்டினம். கதை ஓடவேணும் எண்டு சாகவிடுகினம்."

அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் போய் அந்தத் தாயோடு ஒரே வீட்டில் இருக்கவேண்டும்.

"சிரிச்சிருப்பா" என்றேன். மற்றதை, நீ விறாந்தையில் சொன்னதை, நானே வைத்திருக்கிறேன்.