நாடு வந்துருச்சுங்களா

என் கோபக்கார அப்பாவுக்கு,

அன்றைக்கு ஸ்டேஷனில் நான் சொல்லாமல் விட்ட வாக்கியம் இதுதான்: "எங்கப்பா படிக்காதவருங்க, தெரியாமப் பேசிட்டாருங்க." சொல்லியிருந்தால் அப்போதே வெளியே வந்திருப்போம்.

இன்ஸ்பெக்டர் மோசமானவர் இல்லை. உங்களுக்கு நாற்காலி போடச் சொன்னார், டீ வரவழைத்தார். "ஏம்மா, ஒரு வரிதான். தெரியாமப் பேசிட்டாரு, மன்னிச்சுக்கோங்கன்னு எழுதிக் கையெழுத்துப் போடு. நானும் முடிச்சு விட்டுடறேன், பெரியவரும் காட்டு வேலையப் பாக்கப் போவாரு" என்றார். காகிதத்தை என் பக்கம் தள்ளினார். நான் பேனாவை எடுத்தேன், பிறகு மூடி வைத்துவிட்டேன். நீங்கள் என்னைத் திரும்பிப் பார்த்தீர்கள். அந்தப் பார்வை என்ன சொன்னது என்று எனக்கு இன்னும் தெரியாது.

இந்தக் கடிதத்தை வேறு சிலரும் படிக்கப்போகிறார்கள். அவர்களுக்காக நடந்ததைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். நான் தப்பாகச் சொன்னால் நீங்கள் குறுக்கே பேசுவீர்கள். இனி அதற்கும் வழியில்லை.

நம் ஊர் ஏற்காடு மலையில், கரடியூருக்கு மேலே, வியூபாயிண்டுக்குப் போகும் வழியில் இருக்கிறது. மாரியம்மன் திருவிழாவுக்கு நோம்பி சாட்டிவிட்டால், முடியும் வரைக்கும் ஊர் முகப்பிலிருக்கும் கல்லைத் தாண்டி யாரும் செருப்புப் போட்டுக்கொண்டு வரக்கூடாது. அந்த நாட்களில் ஒரு மத்தியானம் இரண்டு பையன்கள் பைக்கை நிறுத்திவிட்டு ஷூவோடு உள்ளே வந்தார்கள். நீங்கள் மிளகுக் கூடையோடு எதிரே போனீர்கள்.

"ஏனுங்க தம்பி, செருப்ப அங்கயே உட்டுட்டு வாங்க."

"எதுக்குப் பெரியவரே? இது பொது ரோடு. சுதந்திர நாடு. எங்க வேணா போவோம்."

"அது உங்க நாட்டுலீங்க. இது எங்க நாடுங்க. எங்க நாட்டுக்குன்னு ஒரு நியாயம் இருக்குதுங்க. நோம்பி முடிஞ்சு வாங்க, ஷூவோட என்ன, பூட்ஸோடயே ஆடுங்க."

இன்னொரு பையன் போனில் இதைப் படமெடுத்திருக்கிறான். மறுநாள் அது சேலம் முழுக்கச் சுற்றியது. "நியாயம் இருக்குது" என்பதோடு வெட்டியிருந்தார்கள். நோம்பியும் இல்லை, ஷூவும் இல்லை, கடைசியில் நீங்கள் சிரித்ததும் இல்லை. மேலே சிவப்பு எழுத்தில் 'ஏற்காட்டில் தனி நாடா?' என்று போட்டிருந்தார்கள். உங்களுக்கு அதில் வலித்தது ஒன்றே ஒன்றுதான். "நான் 'ங்க' போட்டுத்தான சாமி பேசினேன், அதக்கூட வெட்டிப்போட்டானுங்களே" என்றீர்கள்.

மலையில் நமக்கு நாடு என்றால் சில ஊர்கள் சேர்ந்த ஒரு கூட்டு. கல்யாணமோ, சாவோ, வரப்புத் தகராறோ, அந்த ஊர்களிலிருந்து ஆட்கள் வந்து கூடுவார்கள். இந்த மலைக்குள்ளேயே அப்படிச் சில நாடுகள் உண்டு. கீழே இருப்பவர்கள் நமக்குக் கீழ்நாட்டுக்காரர்கள். தஞ்சாவூர்ப் பக்கம் ஒரத்தநாடு என்று ஓர் ஊரே இருக்கிறது, அங்கே இறங்க யாரும் பாஸ்போர்ட் கேட்டதில்லை. ஆனால் இதையெல்லாம் யாரிடம் சொல்வது? படம் பார்த்தவர்களுக்கு நாடு என்றால் வரைபடமும் கொடியும்தான். அது அவர்கள் குற்றமும் இல்லை.

நான் ஏற்காட்டில் ஓட்டல் வரவேற்பில் வேலை பார்க்கிறேன் அல்லவா. என் மேசைக்கு முன்னால் சோபாவில் உட்கார்ந்து, நான் யாருடைய மகள் என்று தெரியாமல், உங்களைப் பற்றி எத்தனை பேர் பேசினார்கள் தெரியுமா? ஒருவர், "உள்ள தூக்கிப் போடணும் சார், அப்பத்தான் புத்தி வரும்" என்றார். அவருடைய மனைவி, "அந்தத் தாத்தாவப் பாத்தா பாவமா இருக்குங்க" என்றார். "பாவம்னு விட்டுத்தான் நாடு இப்படி இருக்கு." "நீங்க ஹெல்மெட் போடாம வந்ததுக்கு முதல்ல உங்களத் தூக்கிப் போடட்டும்." நான் தலையைக் குனிந்துகொண்டு அறைச் சாவியை எடுத்துக் கொடுத்தேன். சிரிப்பு வந்துவிட்டது, அப்பா. உங்களைப் பற்றி ஒரு புருஷனும் பெண்டாட்டியும் சண்டை போட்டுக்கொண்டே மாடியேறினார்கள்.

திட்டியவர்களைவிட உங்களை அதிகம் படுத்தியது ஆதரித்தவர்கள்தான். சேலத்திலிருந்து காரில் நான்கைந்து பேர் வந்தார்கள். வெள்ளக்கடைப் பக்கம் வழிதவறி, விசாரித்து விசாரித்து, வியர்த்துப்போய் வந்து சேர்ந்தார்கள். "அய்யா, தனி நாடு கேட்பது உங்கள் உரிமை. கருத்துச் சுதந்திரத்துக்காக நாங்கள் உங்களோடு நிற்கிறோம்" என்று சொல்லி உங்கள் தோளில் சால்வை போர்த்தினார்கள். நீங்கள் சால்வையையும் பார்த்தீர்கள், அவர்களையும் பார்த்தீர்கள்.

"நான் எப்பங்க தனிநாடு கேட்டேன்? ரேஷன் கடைக்கு ஒரு கதவு போட்டுக் குடுங்கன்னுதான கேட்டுட்டு இருக்கறேன்."

அவர்கள் அதையும் குறித்துக்கொண்டார்கள். உங்களைக் கும்பிட்டவர்களும் திட்டியவர்களும் அந்தச் சொல்லை ஒரே மாதிரிதான் கேட்டிருக்கிறார்கள் என்று எனக்கு அன்றுதான் புரிந்தது. அம்மா சால்வையை மடித்து வைத்தபடி, "குளுருக்கு ஆவும், கோவிச்சுக்காதீங்க" என்றாள்.

புகார் கொடுத்தது செங்கோடன் மாமா என்று தெரிந்தபோதுதான் உங்கள் முகம் மாறியது. மாமா என்று கூப்பிட்டாலும் அவர் கீழ்நாட்டுக்காரர். பஜாரில் அவர் கடைக்குத்தான் நாம் காலகாலமாக மிளகு போட்டு வந்தோம். அவருடைய தம்பி ராணுவத்தில் இருக்கிறார். லீவு கிடைக்காமல் பெற்ற தாயின் சாவுக்கே வர முடியாமல் போனவர். மாமா படம் பார்த்த அன்று கடையைப் பாதியில் சாத்திவிட்டு ஸ்டேஷனுக்குப் போயிருக்கிறார். அவருக்கு உங்கள்மேல் பகையில்லை. உங்களிடமிருந்து அப்படி ஒரு சொல் வந்ததுதான் அவருக்கு ஆறவில்லை.

ஸ்டேஷனில் சாயங்காலம் வரை உட்கார வைத்துவிட்டு, கூப்பிடும்போது வரவேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள். திரும்பும் பஸ்ஸில் நீங்கள் என்னைப் பாராட்டுவீர்கள் என்று நினைத்தேன். "சொல்லித் தொலச்சிருக்கலாம்" என்றீர்கள். "சொன்னா உம்பட வாய் வெந்தா போயிரும்? மொளகு களத்துல கெடக்குது, மழை வர்ற மாதிரி இருக்குது."

"அது பொய்யுங்கப்பா. நீங்க தெரிஞ்சுதான பேசினீங்க."

"தெரிஞ்சு பேசினாக் கேசு, தெரியாமப் பேசினா ஊடு. எது மேலு?"

என்னிடம் பதில் இருந்தது, ஆனால் பஸ்ஸில் சொல்கிற பதில் இல்லை. இப்போது சொல்கிறேன்.

நீங்கள் சொன்ன அந்த நாட்டு நியாயத்தில் எனக்கு முழுசாக ஒப்புதல் இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். சின்னப்பொண்ணு அத்தையின் நிலத்தகராறு நாட்டுக் கூட்டத்துக்கு வந்தபோது, பெண் என்பதால் அவர் பலாமரத்தடியில் நின்றுகொண்டே இருந்தார். அவருடைய நிலத்தைப் பற்றி அவரைத் தவிர எல்லோரும் பேசினார்கள். அன்று இரவுச் சாப்பாட்டில் நானும் நீங்களும் போட்ட சண்டையில் அம்மா தட்டை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டாள். "கோர்ட்டுக்குப் போனா மட்டும் உக்கார வச்சுப் பேசுவானுங்களா?" என்று கேட்டீர்கள். அதுவும் நியாயமான கேள்விதான்.

அதனால்தான் அப்பா, அந்த வரியை என்னால் எழுத முடியவில்லை. தெரியாமல் பேசினார் என்று எழுதிவிட்டால் நீங்கள் குழந்தையாகிவிடுவீர்கள். குழந்தையிடம் யாரும் சண்டை போடுவதில்லை, மன்னித்துவிட்டுப் போய்விடுவார்கள். செங்கோடன் மாமா உங்களோடு சண்டை போட்டார். நானும் போட்டேன். இரண்டுமே உங்களை ஒரு ஆளாக நினைத்ததால்தான். சுதந்திரம் என்று அந்தப் பையன் சொன்னானே, என் அளவில் அது இதுதான்: தெரிந்து ஒன்றைச் சொல்வது, அதற்காகத் தெரிந்தவரிடம் திட்டு வாங்குவது. நான் சரியா, தப்பா? தெரியவில்லை. உங்களைக் கொண்டுபோன நெஞ்சுவலிக்கு இந்தப் புகார்தான் காரணமென்று அத்தைகள் சொன்னபோது, நான் பல நாள் தூங்கவில்லை. புகாருக்கு முன்பே, காப்பிப் பழம் பறிக்கும் காலத்தில் அது உங்களுக்கு இரண்டு முறை வந்ததென்று அம்மா சொன்ன பிறகுதான் மூச்சு விட்டேன்.

நீங்கள் போன அன்று நடந்ததை உங்களிடம் சொல்ல வேண்டும். அதற்குத்தான் இந்தக் கடிதமே.

காலையிலேயே செங்கோடன் மாமா வந்துவிட்டார். மாலையைக் கையில் வைத்துக்கொண்டு வாசலுக்கு வெளியிலேயே நின்றார். செருப்பைக் கழற்றிக் கல்லுக்கு அந்தப் பக்கமே விட்டுவிட்டு வந்திருந்தார். நோம்பி இல்லாத நாளில் அதற்கு அவசியமில்லை என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. அம்மாதான் அவரைப் பார்த்து, "உள்ள வாங்க, உங்களுக்காகப் படுத்திருக்கறாரு, திட்டறதுன்னாத் திட்டிட்டுப் போங்க" என்றாள். அவர் அழுதுவிட்டார்.

உங்களைக் குளிப்பாட்டி வைத்தாயிற்று. பாடை கட்டியாயிற்று. ஆனால் எடுக்கவில்லை. பெரியவர்கள் ஆளாளுக்கு மேட்டுப் பாதையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். வெயில் ஏற ஏற மாமாவுக்குப் பொறுக்கவில்லை. பக்கத்திலிருந்த பெரியப்பாவிடம் கேட்டார்.

"ஏனுங்க, எதுக்குக் காத்துட்டு இருக்கறோம்?"

"நாடு வரோணுமுங்க. நாடு வராம எடுக்க முடியாதுங்க."

மாமா நிமிர்ந்து உட்கார்ந்தார். "நாடா? நாடே வருதுங்களா?"

"சொல்லி உட்டாச்சுங்க. தாத்தன் காலத்துல இருந்து இதுதானுங்களே மொறை. மேலூருக்காரங்களுக்கு பஸ் இல்ல, நடந்துதான் வரோணும்."

"நடந்து வருதுங்களா" என்றார் மாமா, மெதுவாக.

அப்போது மேட்டிலிருந்து தலைத்துண்டு கட்டிய ஆட்கள் வரிசையாக இறங்கினார்கள். ஒருவர் குடையை ஊன்றிக்கொண்டு வந்தார். ஒருவர் வழியிலேயே பீடியை அணைத்துக் காதில் செருகிக்கொண்டார். முன்னால் நின்ற பெரியப்பா சத்தமாகக் கேட்டார், "நாடு வந்துருச்சுங்களா?" வந்தவர்கள் எல்லோரும் சேர்ந்து சொன்னார்கள், "நாடு வந்துருச்சுங்க."

செங்கோடன் மாமா அந்த வரிசையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு என்னைப் பார்த்தார். "இதத்தானா கண்ணு உங்கப்பன் சொன்னாரு?"

"இதத்தானுங்க மாமா."

"அடக் கொடுமையே" என்று சொல்லி, தலையில் கை வைத்துக்கொண்டு அந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டார். அந்த நேரத்தில் எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டேன். பார்த்தவர்கள் நான் அழுகிறேன் என்றே நினைத்தார்கள்.

காரியம் முடிந்து நான் ஸ்டேஷனுக்குப் போனபோது, புகாரை முடித்துவிடப் போவதாகச் சொன்னார்கள். காரணம், சம்பந்தப்பட்டவர் இறந்துவிட்டார். அப்படியானால் நீங்கள் நாட்டுக்கு எதிராகப் பேசியது அப்படியே நிற்கும், விசாரிக்க மட்டும் ஆள் இல்லை. என்ன செய்வதென்று தெரியாமல் மாமா கடைக்குப் போய்ச் சொன்னேன். அவர் கல்லாவைப் பூட்டிவிட்டு என்னோடு வந்தார்.

"வாபஸ் வாங்கிக்கறனுங்க" என்றார்.

"ஆளே இல்லையே, இனி எதுக்குங்க வாபஸ்?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"ஆளில்லாததுனாலதானுங்க. வந்து சண்டை போட அவரால முடியாதில்லைங்களா. நான் காதுல வாங்குனது தப்பு, அவரு சொன்னது தப்பில்லைன்னு எழுதுங்க."

வெளியே வந்ததும் என்னிடம் சொன்னார், "வார்த்தை வெளங்கிப்போச்சு கண்ணு. ஆனா ஒண்ணு, ரோட்டுல போறவன நிறுத்துனது எனக்கு இப்பவும் சம்மதமில்ல. ரோடு எல்லாருக்கும் பொது." நான், "அது ரோடு இல்லீங்க மாமா, ஊருங்க" என்றேன். "ரோடுதான்" என்றார். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் ரோடா ஊரா என்று பேசிக்கொண்டே நடந்தோம். எவ்வளவு நிம்மதியாக இருந்தது தெரியுமா? இத்தனை நாள் கழித்து ஒருவர் உங்களோடு, நீங்கள் உண்மையிலேயே சொன்னதைப் பற்றிச் சண்டை போட்டார்.

அந்த வெட்டின படம் இன்னும் போன்களில் சுற்றுகிறது. அதை என்னால் நிறுத்த முடியாது, ஓடி ஓடி விளக்கப்போவதும் இல்லை. ஆனால் ஒன்று செய்வேன் அப்பா. அடுத்து நாடு கூடும்போது சின்னப்பொண்ணு அத்தையைக் கூட்டிக்கொண்டு போவேன். அவர் பக்கத்தில் உட்காருவேன். உட்காரக் கூடாதென்றால் காரணம் கேட்பேன், 'ங்க' போட்டுத்தான் கேட்பேன். உங்களுக்குப் பிடிக்காது என்று தெரியும். இருந்தாலும் வாக்குக் கொடுக்கிறேன்.

முந்தாநாள் ஸ்டேஷனிலிருந்து போன் வந்தது. புகார்தாரர் தவறாகப் புரிந்துகொண்டதாகத் தானே ஒப்புக்கொண்டு திரும்பப் பெற்றுவிட்டார், விசாரணை முடிந்தது என்றார்கள். நான் எதுவும் எழுதிக் கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

உங்களோடு ஒத்துப்போகாத
உங்கள் ஒரே மகள்,
செல்வி