பொம்மை அரண்மனை விழுங்கிய குயவர் தெரு

வளம் பெருகுக. மூன்று மலைக்கும் நிழல் பரப்பும் வெண்கொற்றக் குடையார், ஆம்பல்நாடுடைய கோமான், அரிமாவளவர் திருமுன்னர்க்குப் பேரமைச்சுப் பணி ஓய்ந்த ஆதன் பெருஞ்சாத்தன் பணிந்து விடுக்கும் ஓலை. தங்கள் வயல்கள் விளைக, யானைகள் கொழுக்க, தங்கள் மாளிகைக் கண்காணி வெண்ணாகனுக்கு மட்டும் உண்ட சோறு செரியாதொழிக.

வாழ்த்து இவ்வளவே. இனிச் சினம்.

ஓய்வு பெற்றது முதல் அடியேன் பொம்மைச் செங்கற்களால் சிற்றூர் சமைத்து வருவதைத் தாங்கள் அறிவீர்கள். நகக்கண் அளவு மரத்துண்டுகள். தலையில் குமிழ், அடியில் குழி. சாந்தில்லாமலே ஒன்றையொன்று கடித்துக்கொள்ளும். இவ்வாண்டு அறுவடை விழாவுக்கென்று, கோட்டையடியில் உள்ள பனையாற்றூரைக் கோட்டைவாயில் மண்டபத்தில் எழுப்பினேன். பிரமன் எட்டிப் பார்த்திருந்தால் பொறாமையில் நான்கு முகங்களையும் திருப்பிக்கொண்டிருப்பான், அப்பேர்ப்பட்ட வேலை! கிணற்றுச் சகடை சுழலும். குயவர் தெருவில் வீட்டுக்கு வீடு சூளை. பானை வனையும் எயினியின் கூரைமேல் அவளுடைய சண்டைக்காரச் சேவலும் உண்டு. அரண்மனையை மட்டும் பின்மூலையில் சுண்டுவிரல் உயரத்தில் வைத்தேன். தொலைவில் இருப்பது சிறிதாய்த் தெரியும் என்பதை ஆடுகள்கூட அறியும்.

வெண்ணாகன் அறியான். நான் உண்ணப் போயிருந்த வேளையில் உள்ளே நுழைந்தவன், மன்னர் மாளிகை மாட்டுக்கொட்டிலினும் சிறுத்திருப்பது அரசநிந்தை என்று முழங்கி, குயவர் தெருவை அடியோடு பெயர்த்து, அந்தச் செங்கற்களால் அரண்மனையை என் மார்பளவுக்கு உயர்த்திவிட்டான். திரும்பி வந்து நான் இட்ட கூச்சலில் மதிற்காக்கைகள் கூண்டோடு அண்டை நாட்டுக்குக் குடிபெயர்ந்தன. அவனோ, விளையாட்டுப் பொருளுக்குப் பெருமை சேர்த்த தனக்கு நன்றி எங்கே என்று வினவினான்.

அதோடு முடிந்திருந்தால் அவனை வைதே ஆறியிருப்பேன். ஆனால் அரசு எதைக் கட்டுவதாயினும் அதன் சிற்றுருவை அம்மண்டபத்தில் வைத்து ஊரறியக் காட்டுவதன்றோ நம் வழக்கம்? விழாப் பார்க்க வந்த குயவர் தெருவார் தங்கள் வீடுகளைத் தேடினார்கள், அரண்மனையைக் கண்டார்கள். தெருவை இடித்து அரண்மனையைப் பெருக்கப் போகிறார்கள் என்று கொண்டு, திரும்பிப் போய் மூட்டை கட்டத் தொடங்கிவிட்டார்கள்.

ஓடினேன். இது பொம்மை, ஒரு மூடனின் பிழை என்று தொண்டை கிழியக் கூவினேன். எயினி ஏணிமேல் நின்று கூரை ஓடுகளை இறக்கியபடி சொன்னதைச் சொன்னவாறே எழுதுகிறேன்: “பதவியில இருந்தப்பவும் ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்லன்னுதானே சொல்லுவீக சாமி. மறுநாளே ஏதாவது வந்து நிக்கும். நவுருங்க, ஓடு தலையில விழுந்துரும்.”

வெண்ணாகனை மண்டபத்தில் அமர்த்தித் தெருவைத் திரும்பக் கட்டப் பணித்திருக்கிறேன். எந்த அதிகாரத்தால் என்று கேளற்க, தொண்டையின் அதிகாரத்தால். நாலைந்து வீட்டுக்காரர்களையும் இழுத்து வந்து அவன் தலைக்கு மேலே நிறுத்தியுள்ளேன். வாசல் கிழக்கே என்கிறார் ஒருவர், பிரிக்கிறான். “எங்க வீட்டுச் சுவரு என்ன இப்படிக் குடிச்சவன் மாதிரி நிக்குது?” என்கிறார் இன்னொருவர், மறுபடியும் பிரிக்கிறான். பொய்யெதற்கு, இக்காட்சி அடியேனுக்குப் பாயசம்.

ஆயினும் ஒரு மூட்டைகூட அவிழவில்லை. என் சொல் செல்லாது. வெண்ணாகன் கட்டும் தெருவும் செல்லாது. தங்கள் கை ஒன்றே செல்லும்.

ஆகவே தாங்கள் முரசின்றி, குடையின்றி இறங்கி வந்து, குயவர் தெருவார் காண அந்த அரண்மனையைச் சுண்டுவிரல் உயரம் எஞ்சும்வரை தங்கள் கையாலேயே பிரித்து, அச்செங்கற்களை எயினியின் மடியில் இடுக. தெரு அவர்களுடையதே என்று வாய்திறந்து உரைக்க. குனிய முடி இடையூறாயின் அதைக் கழற்றி வெண்ணாகனிடம் கொடுக்க, சுமக்கட்டும். இது விண்ணப்பமன்று, கட்டளை. ஓய்ந்த அமைச்சன் வேந்தனுக்குக் கட்டளையிடுவது குற்றமெனின், முதலில் நிறைவேற்றுக, பிறகு தண்டிக்க.

முத்திரை மோதிரத்தை அன்றே ஒப்படைத்துவிட்டமையால், அரக்கில் பொம்மைச் செங்கல்லின் குமிழ் அழுத்தப்பட்டது.

நாளை பார்க்கலாம் என்று ஓலையைச் சுருட்டி வையற்க. எயினியின் கூரையில் இப்போது ஓடில்லை, வானம் கறுத்திருக்கிறது.